கட்டுபெத்தையில சனியைப் பார்த்த ராத்திரி

டெலஸ்கோப்புல வானத்தப் பார்த்த அனுபவத்த எல்லாரும் எழுதுறதப் பார்த்து நானும் எழுதுறேன். நான் இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன். 2018 ஆகஸ்ட் லீவுல எங்க சயன்ஸ் சேர் வேன் புடிச்சு எங்களை மொரட்டுவ கட்டுபெத்தைக்கு கூட்டிட்டுப் போனாரு. அங்க ஆதர் சி. கிளார்க் நிலையத்துலதான் நம்ம நாட்டோட பெரிய ஆராய்ச்சி டெலஸ்கோப் இருக்கு, ஜப்பான் அரசாங்கம் 1996ல குடுத்தது, 45 சென்டிமீட்டர் கண்ணாடி. கொழுந்துக் கூடை வாய் அளவுதானேன்னு தோணும், ஆனா இருட்டுல நம்ம கண்ணு பாப்பா விரிஞ்சாலே 7 மில்லிமீட்டர்தான், அப்போ பரப்பளவக் கணக்குப் பார்த்தா அந்தக் கண்ணாடி நம்ம கண்ணவிட ஏறக்குறைய 4000 மடங்கு வெளிச்சத்த அள்ளுது.

மேகம் விலகுற வரைக்கும் ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். என் முறை வந்ததும் மூச்சப் புடிச்சிக்கிட்டுதான் குனிஞ்சேன், மூச்சுக்காத்து பட்டா ஐபீஸ், அதான் கண்ண வச்சுப் பார்க்குற கண்ணாடி, பனிச்சிரும்னு சேர் சொல்லியிருந்தாரு. சனி! வளையம் நல்லா சாஞ்சு, கோளுக்கும் வளையத்துக்கும் நடுவுல கறுப்பா ஒரு சந்து, அது லேசா நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, நம்ம காத்து அசையிறதாலதான் அப்படி. படத்துல நூறு தடவ பார்த்ததுதான், ஆனா இது அங்கயிருந்து கெளம்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேல பயணம் பண்ணி என் கண்ணுக்குள்ள வந்த வெளிச்சம்.

இவ்வளவு உயரமான மலை இருக்க, டெலஸ்கோப்ப ஏன் கீழ வச்சாங்கன்னு அன்னிக்கு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. பொறவு வாசிச்சுத்தான் வெளங்குச்சு, ஹவாயில பெரிய பெரிய டெலஸ்கோப்புங்க இருக்குற மவுனா கியா மலை 4205 மீட்டர், பெரும்பாலும் மேகத்துக்கு மேல நிக்குது, நம்ம நாட்டுலயே உயரமான மலை பீதுருதலாகல 2524தான், மேகத்துக்குள்ளயே நிக்குது. ஆனாலும் தை மாசி பனிக்காலத்துல நம்ம வானம் தொறக்கும் பாருங்க, அந்த ரெண்டு மாசம் ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஒரு சின்ன டெலஸ்கோப்பாவது மேல வரணும்னு நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.

போன மாசியில அப்பா பேக்டரி நைட் சிப்ட் முடிச்சு விடியக்காலம் நாலு மணிக்கு வந்தாரு. லயத்து வாசல்ல நிறுத்தி பைனாகுலர கையில குடுத்தேன். தெக்க தெரியிற சிலுவை நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் கிழக்கால ஒமேகா சென்டாரி, ஒரு கோடி நட்சத்திரம் ஒண்ணா குமிஞ்சு கெடக்குற கூட்டம். "சலிக்கிற ரூம்ல பறக்குற பஞ்சு மாதிரி இருக்குடா"ன்னாரு. அதுல இருந்து வெளிச்சம் வர ஏறக்குறைய 17,000 வருஷம் ஆகும்ப்பான்னேன். ஒண்ணும் பேசல, கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டு திரும்பவும் பைனாகுலர கண்ணுல வச்சாரு.