நல்லமொளவு நூறு

கடைக்கு வரும் வயசானவர்களைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். நான் மதுரைக்காரன். மாமனாருக்கு முட்டுவலி வந்த பிறகு, குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை பக்கம் இருக்கும் அவருடைய பலசரக்குக் கடையில் உட்கார ஆரம்பித்தேன்.

முதல் வாரம் ஒரு பாட்டி வந்தார். "நல்லமொளவு நூறு தா மக்கா." சரியென்று காம்பு ஒடியாத வத்தலாகப் பொறுக்கி, நூறு கிராம் கட்டிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவர், "எடே, சளிக்கு வத்தலயா இடிச்சுக் குடிக்கணும்?" என்றார். உள்ளேயிருந்து மாமியார் சிரித்துக்கொண்டே வந்து மிளகு டப்பாவைத் திறந்தார். இங்கே நல்லமிளகு என்றால் மிளகு. மிளகாய்க்குத்தான் வத்தல்மொளவு, பச்சமொளவு. ஆறு மாசம் அந்தப் பாட்டி என்னை விடவில்லை. எது கேட்டாலும், "மதுரைக்காரனுக்கு மனசிலாச்சா?" என்பார்.

வெற்றிலை வாங்க வரும் தாத்தா வேறு மாதிரி. ஒருநாள் "கையில சக்கரம் இல்ல, எழுதிக்கோ" என்றார். என்ன சக்கரம் என்று விழித்தேன். திருவிதாங்கூர் நாணயமாம். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். பழைய வெள்ளிச் சக்கரம் பொட்டுபோல அத்தனை சிறிசு என்பதால், எண்ணுவதற்கென்றே குழி போட்ட பலகை இருந்ததாம். அதில் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். யூபிஐ பெட்டி அலறும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வருகிறது.

மறுபடி பாட்டி. முதியோர் பணம் 1,200 ரூபாய் வந்ததும் பற்றைத் தீர்க்க வருவார். அவருடைய அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் இருக்கிறார், பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். "எனக்க அக்காளுக்கு அங்க கூடுதல் கிட்டுது. அம்பத்தாறுல இந்தப் பக்கம் சேர்த்தப்ப எங்கிட்ட யாரு கேட்டா?" 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்ப் பக்கமிருந்த குமரியைத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்த்ததற்கு நான் என்ன பதில் சொல்ல? பேசாமல் கணக்கில் 40 ரூபாயைக் குறைத்துச் சொன்னேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். "ஒரு கிலோ சீனியை விட்டுட்டியே, நீ கடை நடத்தி உருப்படுவியா?" என்று திட்டிக்கொண்டே நாலு பத்து ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.