புதுப்பிப்பு: பாங்காக்கைப் படகில் சுற்றிப் பார்க்க ஆரஞ்சுக் கொடியே போதும்

முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குப் பாங்காக்கை ஆற்று வழியாகவே காட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சுற்றுலாப் படகு வேண்டாம், ஆரஞ்சுக் கொடிப் படகில் (ஆரஞ்சு நிறக் கொடி கட்டி ஆற்றில் ஓடும் பொதுப் பயணிகள் படகு) ஏறுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது.

சபான் தக்சின் ரயில் நிலையத்தை ஒட்டியே சாத்தோன் படகுத்துறை. எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். நடத்துநர் நீண்ட உலோகக் குழாயில் சில்லறையைக் கலகலவென்று குலுக்கிக்கொண்டே வந்து, அதிலிருந்தே டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார். தா தியேன் துறையில் இறங்கி, வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளச் சயன புத்தர் சிலையைப் பார்த்தோம். எதிர்க்கரையிலுள்ள வாட் அருண் கோயிலுக்கு ஆற்றைக் கடக்க வேறொரு படகு உண்டு.

எதிர்பாராதது ஒன்று: படகு துறையில் நிற்பது சில நொடிகளே. விசில் ஊதியதும் கிளம்பிவிடும். முதியவர்களை முன்கூட்டியே பின்புற வாசலருகே அழைத்து வந்துவிடுங்கள். வாட் அருணின் படிகளும் செங்குத்தானவை, அம்மா ஏறவில்லை. கோபுரத்தில் பதித்த பீங்கான் பூக்களைக் கீழிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.