கூலியை நகரமே நிர்ணயிக்கலாமா?

நிலவன்77:
அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் வைத்தது, அதன்பிறகு ஏறவே இல்லை. பொறுத்துப் பார்த்து சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் தாங்களே ஒரு கூலியை நிர்ணயித்துக்கொண்டன. மத்திய, மாநில, நகரச் சட்டங்களில் எது அதிகமோ அதைத்தான் முதலாளி கொடுக்க வேண்டும். இதுதான் சரியான வழி என்பது என் கட்சி. எல்லா ஊரிலும் வாடகை ஒன்றா என்ன? மறுப்பவர்கள் வரலாம்.

கணக்கன்:
வந்துவிட்டேன். மணிக்கூலி ஏறினால் சம்பளமும் ஏறிவிடும் என்று நீங்களாக முடிவு கட்டிவிடுகிறீர்கள். எத்தனை மணி நேரம் வேலை கொடுக்கிறார்கள் என்பதும் கணக்கில் உண்டே. சியாட்டில் 2014இல் 15 டாலர் சட்டம் போட்டு, படிப்படியாக ஏற்றியது. 2016இல் பெரிய நிறுவனங்களுக்கு 13 டாலர் வரை போனது. அதன் விளைவை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். குறைந்த சம்பள வேலைகளில் மணிக்கூலி சுமார் 3 சதவீதம் கூடியது, வேலை நேரம் சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆள் ஒன்றுக்கு மாதம் சராசரியாக 125 டாலர் நஷ்டம். யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்கள் தலையிலேயே விடிந்தது.

நிலவன்77:
அந்த ஆய்வு இங்கே வரும் என்று தெரியும், எப்போதும் வரும். அதில் பல கிளைகள் உள்ள நிறுவனங்களைச் சேர்க்கவே இல்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். மொத்த வேலையாட்களில் சுமார் 40 சதவீதம் பேர் அப்படிப்பட்ட நிறுவனங்களில்தான் இருந்தார்கள். பெரிய சங்கிலி உணவகங்களை விட்டுவிட்டு என்ன குறைந்த சம்பள ஆய்வு? இன்னொன்று, மணிக்கு 19 டாலருக்குக் கீழே இருப்பதையே குறைந்த சம்பள வேலை என்று வைத்தார்கள். அந்த வருடங்களில் சியாட்டில் பொருளாதாரம் ஏறுமுகம். சம்பளம் கூடி 19ஐத் தாண்டியவரின் நேரமும் காணாமல் போன நேரமாகவே கணக்கில் விழும். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே நகரத்தின் உணவகத் துறையை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கூலி ஏறியது, வேலை இழப்பு சொல்லும்படி இல்லை.

கணக்கன்:
சரி, அந்த ஓட்டையெல்லாம் இருக்கட்டும். அதே வாஷிங்டன் குழு 2018இல் தனித்தனி ஆட்களைத் தொடர்ந்து பார்த்தது. ஏற்கெனவே வேலையில் இருந்த, கொஞ்சம் அனுபவமும் உள்ளவர்களுக்கு லாபம். அனுபவம் குறைந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. புதிதாக இந்த வேலைகளுக்குள் நுழைபவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. உள்ளே இருப்பவருக்கு நல்லதுதான், வாசலில் நிற்கிற பையனுக்கு யார் பதில் சொல்வது?

மூன்றாம்வரிசை:
டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் 1992இலேயே பார்த்த விஷயம் ஐயா இது. நியூ ஜெர்சி 4.25 டாலரிலிருந்து 5.05க்கு ஏற்றியது. பக்கத்துப் பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபலே கொடுத்துவிட்டார்கள்.

கணக்கன்:
நோபல் கொடுத்தால் வாதம் முடிந்துவிடுமா? நியூமார்க், வாஷர் என்ற வேறு இரு பொருளாதார அறிஞர்கள் சம்பளப் பதிவேடுகளை வாங்கி வைத்து அதே ஒப்பீட்டைத் திரும்பப் போட்டு, வேறு விடையைச் சொன்னார்கள். அதுவும் போக, அது மாநிலச் சட்டம். நாம் பேசுவது நகரச் சட்டம். மாநில எல்லையைத் தாண்டிக் கடையை மாற்றுவது சிரமம். நகர எல்லையோ ஒரு தெரு.

செம்பருத்தி:
ஆண்களெல்லாம் சதவீதத்திலேயே நிற்கிறீர்கள். நான் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருக்கிறேன். சட்டத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது என்பதைவிட, அது சம்பளச் சீட்டில் எப்படி இறங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்ததாகப் பதிவாகும். அப்புறம் தரை துடைத்து, குப்பை கட்டி, கதவைப் பூட்டிக் கிளம்பப் பத்தே முக்கால் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் எந்தச் சீட்டிலும் இருக்காது. சீருடைக்குப் பிடித்தம் இன்னொரு வரி. கூலி 15 என்று சுவரில் ஒட்டியிருக்கும், வகுத்துப் பார்த்தால் 13 கூட வராது.

நகரச் சட்டங்களில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். சான் பிரான்சிஸ்கோ 2003இல் மக்கள் வாக்கெடுப்பில் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. அதை அமல்படுத்த நகரத்துக்கே சொந்தமாக ஓர் அலுவலகம் வேலை செய்கிறது. சியாட்டிலும் 2015இல் அப்படி ஒன்று வைத்தது. சான் பிரான்சிஸ்கோ சட்டத்தில் ஒரு விதி உண்டு. தொழிலாளி தன் உரிமையைக் கேட்ட 90 நாளுக்குள் வேலையை விட்டு நீக்கினாலோ நேரத்தைக் குறைத்தாலோ, அது பழிவாங்கல் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. புகார் கொடுக்கத் தயங்குகிறவருக்கு இரண்டு டாலர் உயர்வைவிட இந்த விதி பெரிது.

கணக்கன்:
நீங்கள் சொல்வது கூலித் திருட்டைத் தடுப்பது, செம்பருத்தி மேடம். அதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அதற்குத் தனிக் கூலி எதற்கு? மத்தியச் சட்டத்திலேயே பாக்கியையும் அதே அளவு நஷ்ட ஈட்டையும் சேர்த்து வாங்கலாம். பழிவாங்கலுக்கும் தடை இருக்கிறது.

செம்பருத்தி:
வாங்கலாம், இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டால். தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்டினால் மூன்று. சட்டம் 1938இலிருந்து இருக்கிறது. ஆனால் மத்திய அதிகாரி 7.25க்குக் கீழே போனதா, ஓவர்டைம் கொடுத்தார்களா என்றுதான் பார்க்க முடியும். 15 கொடுக்க வேண்டிய இடத்தில் 11 கொடுத்தால், மத்தியக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் அது குற்றமே இல்லை.

கடைசிபெஞ்ச்:
டிப்ஸ் வாங்குகிறவர்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மத்தியச் சட்டப்படி முதலாளி அவர்களுக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அதே தொகை. மீதி டிப்ஸில் வராவிட்டால் ஈடுகட்ட வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை பேர் கட்டுகிறார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

கணக்கன்:
சின்ன முதலாளியின் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ எல்லைக்குள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்தாலே அந்த நேரத்துக்கு நகரக் கூலி. சரக்கு இறக்கும் ஓட்டுநர் ஒரே நாளில் மூன்று நகரத்துக்குள் போய்வருகிறார் என்றால், எந்த மணிக்கு எந்தக் கூலி? பெரிய நிறுவனத்துக்கு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நாலு பேரை வைத்திருப்பவர் என்ன செய்வார்? அதனால்தான் பல மாநிலங்கள் நகரங்கள் தனிக் கூலி வைக்கக் கூடாது என்று தடுக்கின்றன.

நிலவன்77:
அந்தத் தடையின் லட்சணத்தைப் பார்த்தோமே. அலபாமாவில் பர்மிங்ஹாம் நகரம் 10.10 டாலர் என்று முடிவு செய்தது. 2016இல் மாநிலச் சட்டமன்றம் அதைச் செல்லாததாக்கிவிட்டது. செயின்ட் லூயிஸ் இன்னும் மோசம். 2017 மே மாதம் 10 டாலர் நடைமுறைக்கு வந்தது. மிசூரி மாநிலம் போட்ட சட்டத்தால் ஆகஸ்ட் 28ஆம் தேதி 7.70க்குத் திரும்பியது. ஏறிய கூலியைச் சட்டம் போட்டு இறக்கியிருக்கிறார்கள். வாடகையை இறக்கச் சட்டம் போட்டார்களா?

செம்பருத்தி:
சில முதலாளிகள் அப்புறமும் 10 டாலரையே கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில் யாரும் திவாலாகிவிடவில்லை போலிருக்கிறது.

நிலவன்77:
அடுத்த வருடமே, 2018 நவம்பரில், அதே மிசூரி மக்கள் வாக்களித்து 2023க்குள் 12 டாலர் என்று மாநிலம் முழுக்க ஏற்றினார்கள். நகரம் வழி காட்டியது, மாநிலம் பின்னால் வந்தது.

கணக்கன்:
நீங்களே என் வாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். மாநிலம் முழுக்க ஒரே கூலி, ஒரே விதி. எல்லைத் தெருவைத் தாண்டி ஓடும் வேலையும் இல்லை, மூன்று நகரக் கணக்கும் இல்லை. வழிகாட்ட நகரம் வேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. செயின்ட் லூயிஸ் 10 டாலர் வருவதற்குப் பல வருடம் முன்பே, 2006இல், இதே மிசூரி மக்கள் வாக்குப் போட்டு மாநிலக் கூலியை 6.50க்கு ஏற்றி, வருடா வருடம் விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படியும் செய்தார்கள்.

செம்பருத்தி:
அந்த 6.50தான் ஏறி ஏறி 2017இல் 7.70இல் நின்றது, சார்.