ஆட்லிப் நகல் கார்டு: கேம் கண்டுபிடிக்குது, சத்தம் மட்டும் வரலை

பழையபெட்டி:
அம்பத்தூர் காயலான் கடையில ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் மதர்போர்டு எடைக்குக் கிடைச்சுது. அதுக்குன்னு 1987ல வந்த ஆட்லிப் சவுண்ட் கார்டோட நகலை நானே அசெம்பிள் பண்ணேன். பழைய 8 பிட் ஐசா ஸ்லாட்டுல சொருகுறது. இசையை உண்டாக்குற ஒய்எம்3812 சிப், அதை அலையா மாத்துற ஒய்எம்3014பி சிப் ரெண்டும் ஆன்லைன்ல வாங்கினது, பளபளன்னு புதுசாட்டம் இருந்துச்சு. கேம் செட்டப்ல கார்டு இருக்குன்னு காட்டுது, ஸ்பீக்கர்ல கரகரன்னு இரைச்சல்தான். எல்லா சிப்போட கால்களையும் ரெண்டு தடவை திரும்ப சாலிடர் பண்ணிட்டேன். 3812 டூப்ளிகேட்டா இருக்குமா?

உப்புக்காத்து:
பழைய கேமை இப்போதைய கம்ப்யூட்டர்லயே ஓட்டுற டாஸ்பாக்ஸ் சாஃப்ட்வேர் போட்டா முடிஞ்சுது, எதுக்குங்க இந்தப் பாடு? சரி, கேட்டதுக்காகச் சொல்றேன்: கோல்டு ஃபினிஷ் இல்லாத போர்டுன்னா, ஸ்லாட்டுக்குள்ள போற ஓரத்து உலோகப் பட்டைகளை ரப்பரால துடைங்க. திருவான்மியூர்ல எனக்கு மூணே மாசத்துல கறுத்துப்போச்சு.

சாலிடர்மாமா:
தம்பி, 3812 மேல பழி போடாதீங்க. கேம் 388ங்கிற போர்ட் முகவரி வழியா சிப்புக்குள்ள இருக்கிற டைமரை ஓடவிட்டு, முடிஞ்சுதான்னு ஸ்டேட்டஸைப் படிக்கும். இந்த மாதிரி டைமர் இல்லாத வேற சிப்புல 3812னு அச்சடிச்சிருந்தா அங்கேயே மாட்டியிருக்கும். டைமர் ஓடுதுன்னா பஸ்ஸோட 14.318 மெகாஹெர்ட்ஸை நாலால வகுத்து வர்ற க்ளாக்கும் சரி. ஆனா அந்த டெஸ்டுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. 3812 வெறும் எண்ணைத்தான் தள்ளும், செகண்டுக்கு 49,716 தடவை. அதை அலையா மாத்துறது அந்த எட்டுக்கால் 3014. என் சந்தேகம் அதுமேலதான்.

சத்தத்தைப் பெருக்குற ஆப்-ஆம்ப் சிப்புக்கு மைனஸ் சப்ளை வேணும்னா முதல்ல ஸ்லாட்டோட பி7 பின்ல மைனஸ் 12 வோல்ட் வருதான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க. வந்தா, பஞ்சுல அசிட்டோன் தொட்டு 3014 தலையில தேயுங்க. எனக்கு ஒரு தடவை எழுத்து அப்படியே பஞ்சோட வந்துடுச்சு, அடியில ஒரே கீறல், அதாவது பழைய எழுத்தைச் சுரண்டிட்டு மேல புதுசா அச்சடிச்ச போலி. இருபது ரூபா மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாசம் போச்சு. உங்களுதும் அப்படின்னா, 3014ஐ கழட்டி எடுக்க ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சவுண்ட் கார்டு தேடுங்க, ஆனா ஓபிஎல்2 (3812க்கு இன்னொரு பேர்) கார்டா பார்த்து வாங்குங்க. அதுக்கு அடுத்து வந்த ஓபிஎல்3 கார்டுல 3014க்குப் பதிலா பொதுவா ஒய்ஏசி512 இருக்கும், அது இங்க பொருந்தாது.

பழையபெட்டி:
மாமா, மைனஸ் 12 வந்துச்சு. அசிட்டோன் வெச்சேன், மூணே தேய்ப்புல தலை மொட்டை! ஞாயித்துக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்ல பாதி உடைஞ்ச கார்டு ஒண்ணு கிடைச்சுது. போலி சிப்பைப் பிடுங்கும்போது என் போர்டுல ஒரு பேட் (சாலிடர் ஒட்டுற செப்புப் புள்ளி) பேந்துடுச்சு, ஒயர் இழுத்துச் சரிபண்ணேன். ராத்திரி ஒன்றரை மணிக்குப் பாட்டு வந்துச்சு. அம்மா எழுந்து வந்து, "இந்த நேரத்துல எவன்டா ஐஸ் வண்டி மணி அடிக்கிறான்"னாங்க.