அப்பாயி தெவசம் (மலேசியா, கேரித்தீவு குடும்பம்)

*வியாழன்*

சரசு அத்தை: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழம அம்மாவோட தெவசம். 9 மணிக்கு சாமி கும்பிட்டு 11க்குள்ள படையல் முடிச்சிரணும். அன்னிக்கு யாரும் கவிச்சி சாப்பிட்டுட்டு வராதீங்க.

விமலா அண்ணி: சரிங்கத்த 🙏

குமரன்: சரி அத்த. முடிஞ்சதும் நண்டுக் கடைக்குப் போலாமா?

சரசு அத்தை: டேய்

விமலா அண்ணி: வாழ இல யாரு வாங்குறது?

சரசு அத்தை: ராமையா, வீட்டுக்குப் பின்னால கம்பத்துல ஒரு பொட்டி இருக்கே. அதுல சாக்குருவி இன்னும் இருக்கா? ஆபிசுல சொல்லி ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி எடுத்துரு.

ராமையா சித்தப்பா: இருக்கு. குஞ்சும் நாலு இருக்கு.

சரசு அத்தை: ஐயோ

குமரன்: பொக போட்டா ஓடிரும்

ராமையா சித்தப்பா: பொகயெல்லாம் போடக் கூடாது. அக்கா, கொஞ்சம் பொறுமையா படி. சாக்குருவின்னு நாமதான் பேரு வச்சிட்டோம், அது கூகை. மலாய்க்காரங்க புங்குக் ஜெலாபாங்னு சொல்லுவாங்க. பொட்டி, கூகை தங்குறதுக்குத் தோட்டம் வச்சது. நான் தோட்டத்துல மண்டோரா, மேஸ்திரியா இருந்தப்ப எத்தன கம்பம் நட்டிருக்கேன். ரப்பர் பால்மரத்த அழிச்சு எண்ணெய்க்குச் செம்பன போட்டதும் எலி பெருத்துப் போச்சு. பழத்தையும் கடிக்கும், கன்னுல குருத்தையும் கடிக்கும். நம்ம பக்கம் கூகை கூடு வச்சத மொதல்ல பாத்தது 1968ல, ஜொகூர்ல ஒரு செம்பனக் காட்டுல. அதுக்கப்புறந்தான் தோட்டந்தோட்டமா பொட்டி வந்துச்சு. ஒரு சோடி, குஞ்சோட சேத்து, வருசத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல திங்கும். அது இல்லன்னா விஷக்கட்டிதான் போடணும். விஷம் தின்ன எலிய தின்னா கூகையும் சாவும்.

குமரன்: 👍

சரசு அத்தை: எலிக் கத எனக்கு வேணாம். போன வருசம் மூணு ராத்திரி அலறுச்சு. நாலாம் நாள் அம்மா இல்ல. கிள்ளானுக்கு அனுப்பிருன்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன்.

விமலா அண்ணி: அத்த, அது இப்ப எதுக்கு

தினேஷ்: சித்தப்பா, நேத்து போர்ட் டிக்சன்ல வேல. மத்தியானம் பக்கத்துல தஞ்சோங் துவான் முனைக்குப் போனேன். பருந்து கூட்டங்கூட்டமா கடலத் தாண்டி வருது! ஒரே எடத்துல வட்டமடிச்சி மேல மேல போவுது

ராமையா சித்தப்பா: தேன் பருந்து. மார்ச்சுல வடக்க திரும்பும். அந்தாண்ட சுமத்ரா பக்கம் ரூபாட் தீவுலேர்ந்து வருது. கடல் மேல சூட்டுக்காத்து எழும்பாது, ரெக்கைய அடிச்சே வரணும். அதான் குறுகலான எடமா பாத்துத் தாண்டுது. கர வந்ததும் சூட்டுக்காத்துல ஏறிக்கும். காலையில போனா ஒண்ணும் இருக்காது, வெயில் ஏறணும். இங்க பண்டு கரைப் பக்கமும் உள்ளான் குருவி கெளம்பப் போவுது, சிலதுக்கு நெஞ்சு செவக்க ஆரம்பிச்சிருச்சு. முந்தாநேத்து வாய்க்கால்ல நீர்நாய் அஞ்சு, குட்டியோட.

குமரன்: நீர்நாயா!! எந்த வாய்க்கா

விமலா அண்ணி: ரிஷிக்குக் காட்டணும் மாமா. சனிக்கிழமையே வந்துரவா?

ராமையா சித்தப்பா: வாங்க. சாயங்காலம் 6 மணிக்குப் பண்டுல நிக்கணும்.

சரசு அத்தை: நான் கேட்டதுக்குப் பதில் இல்ல.

*வெள்ளி*

ராமையா சித்தப்பா: அக்கா, நேத்து கோவத்துல எழுதிறக் கூடாதுன்னு போன வச்சிட்டேன். காலையில பொட்டிக்கு அடியில ஒண்ணு கெடந்துச்சு. கட்டவெரல் தண்டி, கருப்பா, வார்னிஷ் அடிச்ச மாதிரி மினுமினுன்னு. கூகை எலிய முழுசா முழுங்கிட்டு எலும்பையும் மயிரையும் உருண்டையா கக்கும். தண்ணியில ஊற வச்சிப் பிரிச்சேன். மண்ட ஓடு ஒடையாம இருக்கு, முன்பல்லு ரெண்டும் மஞ்சளா. அம்மாகிட்ட இப்படித்தான் காட்டுவேன். அது எண்ணும், இன்னிக்கி ரெண்டு மண்டடான்னு.

ராமையா சித்தப்பா: அந்த மூணு ராத்திரி அது அலறல அக்கா. குஞ்சு எர கேட்டு சீறுன சத்தம். பெரிய மனுசன் கொறட்ட விடுற மாதிரி, விடிய விடிய. அம்மா கட்டில்ல படுத்துக்கிட்டு, புள்ளைங்களுக்குப் பசிக்குது, ஆத்தாக்காரி எங்க போனாளோன்னு கேட்டுச்சு. மூணு ராத்திரியும் கேட்டுச்சு. கிள்ளானுக்குப் போலாமான்னு நானும் கேட்டேன். இந்த வீட்ட விட்டு வரலன்னு சொல்லிருச்சு. நான் என்ன செய்ய.

தினேஷ்: 🙏

சரசு அத்தை: அம்மா அப்படி சொன்னத எனக்கு யாருமே சொல்லலயே

ராமையா சித்தப்பா: நீ கேக்குற நெலமையில இல்ல அக்கா.

குமரன்: அப்ப பொக வேணாம்ல?

விமலா அண்ணி: வேணாம்டா

சரசு அத்தை: பொட்டி இருக்கட்டும். ஆனா படையல் பின்னால வேணாம், முன்வாசல்ல போடு.

ராமையா சித்தப்பா: முன்வாசல்ல 11 மணிக்கு வெயில் சுடும் அக்கா. கூகை பகல்ல வெளிய வராது, தூங்கும்.

சரசு அத்தை: கூடாரம் கட்டு. இல்லன்னா வந்து பாத்துக்கலாம்.

தினேஷ்: தெலோக் பங்ளிமா காராங் பக்கம் ஜாம் இருக்கும், சீக்கிரம் கெளம்புங்க

விமலா அண்ணி: வாழ இல யாரு வாங்குறதுன்னு நேத்தே கேட்டேன்

குமரன்: எத்தன பேரு?

சரசு அத்தை: ராமையா, ராத்திரி அந்தக் குஞ்சு சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்பு.