சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் விடுதியைக் காலி செய்வது யார்?

மூன்றாம் ஆண்டு மாணவி:
எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்கான அவசரகாலத் திட்டத்தின் வரைவை வாசித்தேன். மண்சரிவு அபாயம் தோன்றினால் விடுதிப் பொறுப்பாளர் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றும், பதிவாளர் உபவேந்தரின் எழுத்துமூல அனுமதியைப் பெற்ற பின்னரே மாணவர்கள் வெளியேற்றப்படுவர் என்றும் அதில் இருக்கிறது. இந்த வரியை நீக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன், யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் விடுதியைக் காலி செய்யும் அதிகாரம் அன்றிரவு கடமையில் இருப்பவருக்கே இருக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கொட்டிய இரவில் எங்கள் விடுதியில் மின்சாரம் போய்விட்டது. அபாய மணி மின்சாரத்தில் இயங்குவது என்பதால் அது அடிக்கவில்லை. கைத்தொலைபேசிகளிலும் சிக்னல் இல்லை. மலைச்சரிவை ஒட்டிய கட்டடத்தின் பக்கவாசல் பூட்டியிருந்தது. அதன் சாவி பிரதான வாசல் காவலாளியிடம் இருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் ஓடிப்போய் அதை வாங்கி வந்தவள் நான்தான். பூட்டு துருப்பிடித்திருந்ததால் சாவி திரும்பவில்லை. அந்த நேரத்தில் எழுத்துமூல அனுமதியை யார் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்?

பொறியியல் விரிவுரையாளர்:
உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் எச்சரிக்கை எப்படி விடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு. இது பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வருவதால், உங்கள் விடுதிக்குப் பின்னால் இருக்கும் சரிவைப் பற்றி அது தனியாக எதையும் சொல்வதில்லை. நள்ளிரவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மண்ணை வெட்டியெடுத்த சரிவுகளுக்கு நடுவே செல்லும் பாதையில் இறக்குவது, உறுதியான கட்டடத்துக்குள் அவர்களை வைத்திருப்பதை விட ஆபத்தாகலாம். இரண்டு முறை வெளியேற்றி ஒன்றும் நடக்காவிட்டால், மூன்றாம் முறை எவரும் படுக்கையை விட்டு எழ மாட்டார்கள். இருக்கும் பணத்தை வடிகால்களைத் திருத்தவும் தாங்குசுவர் கட்டவும் செலவிடுவதே அறிவு.

மூன்றாம் ஆண்டு மாணவி:
சேர், வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கட்டி முடியும் வரையிலும் அங்கே உறங்குவது நாங்கள்தான். நள்ளிரவு ஆபத்தானது என்றால், செம்மஞ்சள் வந்ததுமே, பகல் வெளிச்சத்தில், சரிவை ஒட்டிய அந்த ஒரு கட்டடத்தில் உள்ளவர்களை மட்டும் விளையாட்டு மண்டபத்துக்கு மாற்றலாமே. முழு வளாகத்தையும் காலி செய்யும்படி நான் கேட்கவில்லை.

பதுளையிலிருந்து ஒரு தந்தை:
என் மகளும் ஒரு மலைநாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கொஸ்லந்தை மீரியாபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். சனங்கள் கேட்காமல் இருந்துவிட்டார்கள் என்று சிலர் இன்றும் பேசுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. போ என்று சொன்னவர்கள், போய் இருப்பதற்கு ஒரு துண்டு நிலத்தையும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த விளையாட்டு மண்டபத்தின் பெயர் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். அங்கே பாய், தண்ணீர், மலசலகூடம் இருக்கின்றனவா என்பதை இப்போதே பார்க்க வேண்டும்.

மகளின் விடுதியில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்து முதல் வாரமே ஆன பிள்ளை இருட்டில் அதை வாசித்து என்ன விளங்கிக்கொள்ளும்? மணிக்கும் மின்சாரம் தேவையில்லை. அந்தக் காலத்தில் தப்படித்தே முழுத் தோட்டத்தையும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கூப்பிட்டார்கள். ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

பொறியியல் விரிவுரையாளர்:
பகலிலேயே ஒரு கட்டடத்தை மட்டும் மாற்றுவதை ஏற்கிறேன். அதற்கு வளாகத்திலேயே ஒரு மழைமானி வேண்டும். அதை மாணவர்களே வாசித்துக் குறித்து வைக்கலாம். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றிப்போகும் ஊற்று, இறுகித் திறக்க முடியாமல் போகும் கதவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் எச்சரிக்கையை எதிர்பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பதையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்வேன். ஆனால் இரவில் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தனி ஒருவரிடம் விடுவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. குறைந்தது இருவர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு மாணவி:
இருவர் என்றால் இருவரும் விடுதிக்குள்ளேயே தங்குபவர்களாக இருக்க வேண்டும். கண்டி நகரத்தில் குடியிருக்கும் ஒருவரின் பெயரை இரண்டாவதாக எழுதினால், வீதி மூடப்பட்ட இரவில் நாங்கள் மறுபடியும் அனுமதிக்காகக் காத்திருப்போம். பக்கவாசல் சாவியின் இரண்டாவது பிரதியை அதே கட்டடத்தில் வைக்கும்படி இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். பூட்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.