காசுக்கு வந்த முதல் படப்பிடிப்பு: அப்புத்தளை பங்களா, உதவி தேவை

பண்டாரவளைப் பையன்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று சொந்தக்காரருக்கும் கூட்டாளிகளுக்கும் படம் எடுத்துக் கொடுத்துப் பழக்கம். காசுக்கு வேலை வந்திருப்பது இப்போதுதான். அப்புத்தளைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை விடுதியாக்கியிருக்கிறார்கள். அறைகள், சாப்பாட்டு மேசை, பூந்தோட்டம், பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாம் ஒரே நாளில் வேண்டுமாம். "20,000 தாரேன், எல்லாப் படத்தையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க தம்பி" என்றார் முதலாளி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கையில் இருப்பது பழைய கேனன் கிராப் பாடி (சின்ன சென்சார் கேமரா), 18-55 லென்ஸ், 50 எம்எம் ஒன்று, ஒரு பிளாஷ், ஒரு டிரைபாட். இந்த விலை சரியா? அறைகள் ஒரே இருட்டு. கட்டில் தெரிகிற மாதிரி எடுத்தால் ஜன்னல் வெள்ளையாய்ப் போகிறது, ஜன்னலைக் காப்பாற்றினால் கட்டில் கறுத்துவிடுகிறது. பனிமூட்டம் இறங்கினால் என்ன செய்வது? கொழுந்து எடுப்பவர்களை எடுக்கத் தோட்டத்து ஐயாவிடம் கேட்டால் போதுமா? டிரோன் படமும் முடியுமா என்று கேட்டார்.

பதுளை ஸ்டூடியோ:

தம்பி, விலைக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் படங்கள் எங்கே போகப் போகின்றன? விடுதியின் இணையப் பக்கத்துக்கு மட்டுமா, அறை பதிவு செய்யும் தளங்களுக்கும் போகுமா, பெரிய பலகை அடிப்பார்களா, நாளைக்கு ஒரு தேயிலைப் பெட்டியிலும் அச்சாகுமா? கல்யாண ஆல்பம் வீட்டு அலுமாரியில் இருக்கும். வியாபாரப் படம் அவருக்கு வருஷக்கணக்காக ஆள் பிடித்துத் தரும். இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள்.

"எல்லாப் படத்தையும்" என்ற பேச்சுக்குச் சம்மதிக்க வேண்டாம். இத்தனை படங்கள், திருத்தி முடித்தவை என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள். எடுப்பது ஒரு நாள் என்றாலும் திருத்த உட்கார்ந்தால் இரண்டு மூன்று நாள் போகும். அந்த நாட்களுக்கும் கூலி உண்டு. வான் காசு, வாடகைக்கு எடுக்கும் சாமான், சாப்பாடு எல்லாவற்றையும் தனியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். 20,000 போதுமா போதாதா என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இதெல்லாம் ஒரு பக்கத் தாளில் இருந்தால் போதும். என்னென்ன படங்கள், எங்கெங்கே, எத்தனை வருஷத்துக்குப் பாவிக்கலாம், மழை பெய்தால் எந்த நாள், பாதிக் காசு முன்பணம், மீதி வந்த பிறகு பெரிய அளவுப் படங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் ஒளிப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. அதைப் பதிந்து வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் யாருக்கு என்ன உரிமை என்பதைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பிறகு வாய்த்தகராறு வராது.

டிரோனுக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. பதிவும் அனுமதியும் உள்ள ஒருவரைத் தனிக் கூலிக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த வேலையில் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நுவரெலியா அண்ணன்:

அறை விஷயம் நான் சொல்கிறேன். கிராப் பாடியில் 18 எம்எம், முழு பிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 29 எம்எம் போல வரும். பழைய பங்களா அறைகள் பெரியவை, மூலையில் நின்றால் அநேகமாக அடங்கிவிடும். இன்னும் அகலமான 10 எம்எம் லென்ஸை வாடகைக்கு எடுத்தால் ஓரத்தில் இருக்கும் கதிரை இழுபட்டு நிற்கும். வந்து பார்க்கிற விருந்தாளி, படத்தில் இருந்த அறை இது இல்லை என்பான்.

கேமராவை டிரைபாடில் நெஞ்சு உயரத்துக்குக் கீழே வைத்து, மேலேயும் கீழேயும் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் சுவரும் கதவு நிலையும் விழப்போகிற மாதிரி தெரியும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8. இடத்தை அசைக்காமல், ஷட்டர் வேகத்தை மட்டும் இரண்டு ஸ்டாப் இரண்டு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) மாற்றி மூன்று நான்கு படம் எடுங்கள். கட்டிலுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று என்று பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பிளாஷை மேலே அடித்தால் வெளிச்சம் பரவும் என்று எல்லாரும் சொல்வார்கள். துரை பங்களாவில் அந்தக் கதை சரிவராது. கூரை உயரம், பலகையும் கறுத்த மரம். திரும்பி வருகிற கொஞ்ச வெளிச்சமும் செம்மண் நிறத்தில் வரும். பின்னால் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டி அதில் அடியுங்கள்.

பகலில் பல்புகளை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிற அளவில் மஞ்சள் பல்பு 2700 கெல்வின், பனிமூட்டத்து வெளிச்சம் 6500க்கு மேலே. இரண்டும் ஒரே விரிப்பில் விழுந்தால் பாதி மஞ்சளும் பாதி நீலமுமாய்க் கிடக்கும், திருத்துவது பெரும்பாடு.

பனிமூட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அப்புத்தளையில் பள்ளத்தாக்கு தெரிகிற காட்சிகளை விடிந்ததும் முடித்துவிடுங்கள், பகலாக ஆக மூட்டம் ஏறிவிடும். அது ஏறிய பிறகு அறைகளுக்குப் போங்கள். ஜன்னலுக்கு வெளியே கடும் வெயில் இல்லாததால் நீங்கள் சொன்ன பிரச்சினை பாதியாகக் குறையும். மூட்டத்தை வெளியில் எடுத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், ஒரு ஸ்டாப் கூட்டிவையுங்கள். பங்களாவின் முகப்பை விளக்கேற்றி அந்தியில் எடுங்கள். நம்ம நாட்டில் அந்த நீல வெளிச்சம் இருபது நிமிஷம் நின்றால் பெரிய காரியம், அதனால் முன்கூட்டியே டிரைபாடை ஊன்றிவிட்டுக் காத்திருங்கள்.

கொழுந்துக்காரி மகள்:

தம்பி, ஐயாவிடம் கேட்டால் மலைக்குள் போக அனுமதி கிடைக்கும். படத்தில் வரப்போவது ஐயாவின் முகம் இல்லை. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். விடுதி விளம்பரத்தில் வரும், யார் யாரோ பார்ப்பார்கள் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். அவர் நிற்கையில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. என் அம்மாவின் தோட்டத்தில் நாளுக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான். "இப்படித் திரும்புங்க அம்மா, சிரிங்க, கூடையைத் தூக்குங்க" என்று அரை மணி நேரம் நிறுத்தினால் அந்தக் கொழுந்தை யார் எடுப்பது? 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று எத்தனை போராட்டத்துக்குப் பிறகு ஏறிய சம்பளம் அது! ஒரு படத்துக்காக அதில் பாதி போகக் கூடாது. நிற்கிறவர்களுக்கு ஒரு முழுப்பேர் காசு கொடுக்க வேண்டும் என்று முதலாளியின் செலவுக் கணக்கிலேயே எழுதுங்கள்.

புதுச் சேலை கட்டி நிற்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இடுப்பில் படங்கு (சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு) இல்லாமல் தேயிலைச் செடிக்குள் யாரும் இறங்குவதில்லை, செடியின் கிளைகள் குத்தித் துணி கிழியும். அவர்கள் வேலை செய்கிறபடியே எடுங்கள். அந்த விரல்கள் இரண்டு இலையும் குருத்தும் கிள்ளுகிற வேகத்தை 50 எம்எம்மில் பக்கத்தில் போய் எடுத்துப் பாருங்கள், வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது. படத்தை அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எத்தனையோ பேரை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு படம் திரும்பி வந்ததில்லை.

பண்டாரவளைப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. தாளை எழுதிக்கொண்டு போய் முதலாளியைப் பார்த்தேன். 25 படங்கள், இணையத்துக்கும் பதிவுத் தளங்களுக்கும் இரண்டு வருஷம், 38,000 ரூபா, பாதி முன்பணம் என்று முடிந்தது. டிரோனை விட்டுவிட்டார். அக்கா, மூன்று பேருக்கு முழுப்பேர் காசும் அந்தத் தாளில் இருக்கிறது. புதுச் சேலைப் பேச்சு வந்தது, நீங்கள் சொன்ன படங்குக் காரணத்தைச் சொன்னேன், சரி என்றார்.

இன்னும் ஒரு சந்தேகம். விடியற்காலைக் குளிரில் வெளியே எடுத்துவிட்டு, கணப்பு எரிகிற அறைக்குள் போனால் லென்ஸ் வியர்க்காதா?

நுவரெலியா அண்ணன்:

கட்டாயம் வியர்க்கும். வெளியிலேயே கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு உள்ளே போங்கள். அரை மணி நேரம் திறக்க வேண்டாம், அந்த நேரத்தில் அறையை ஒழுங்குபடுத்தலாம். மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்துக்கொண்டால் காலைப் படங்களை லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் இரண்டு பிரதியாக ஏற்றிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் லென்ஸை ஈரப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். நம்ம பக்கத்து ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.